மானுக்கும் மரைக்கும் ஒரே துப்பாக்கி

1

போன வாரம் கடையில் வாடிக்கைக்காரர் முன்னால் நான் அழுதுவிட்டேன். தலை முழுக்க நரைத்த பிறகு, கண்டிக் கடைவீதியில், அதுவும் துப்பாக்கி விற்கிற கடையில் நின்றுகொண்டு அழுவதென்றால் அசிங்கம்தான். எதற்கு அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சின்னத்துரை ஒருவர் வந்திருந்தார். சீமையிலிருந்து கப்பல் இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மூக்குத் தோல் இன்னும் வெயிலில் உரிந்துகொண்டிருந்தது. தோட்டத்துத் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. 'ஒரு ரைபிள் வேணும். ஒண்ணே ஒண்ணு. மானும் சுடணும், எல்க்கும் சுடணும். எந்த நம்பர் எடுக்கறது?' என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், பாவம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது அதைத்தான்.

'ஒரு நிமிஷம் துரை' என்று திரும்பி, கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அது துப்பாக்கிக் குழாய் துடைக்கிற எண்ணெய்த் துணி. எண்ணெய் கண்ணில் பட்டு இன்னும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. துரை மிரண்டுபோய், நாளைக்கு வருகிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'முத்துசாமி, உடம்பு சரியில்லையா?' என்றார். ஆமாம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு பதில் கண்டுபிடித்தேன். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாமக்கல் பக்கத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள்: என் தம்பியிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

2

எல்க் என்றதும் ஏதோ சீமை மிருகம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் கொல்லிமலையில் திரிகிற கடமான்தான். இலங்கைத் தமிழர் மரை என்கிறார்கள், துரைமார் எல்க் என்கிறார்கள். புள்ளிமானை மூன்று கூட்டாரும் மான் என்று ஒத்துக்கொள்கிறார்கள். அந்த மட்டும் சந்தோஷம்.

எனக்குச் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மழை பொய்த்துக் கிணறு வறண்ட வருஷம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பாவாயியையும் கூட்டிக்கொண்டு, கங்காணி பின்னால் போய், மண்டபம் முகாமில் ஊசி குத்திக்கொண்டு கப்பலேறினேன். தேயிலைத் தோட்டத்தில் பெரியதுரையின் துப்பாக்கிகளைத் துடைக்கப் போட்டார்கள். அந்தக் கைப்பழக்கம் கண்டியில் இந்தக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. துடைக்கிறவனாக வந்தேன், பிறகு துப்பாக்கியின் மரக்கட்டை செதுக்கினேன், இப்போது விற்கிறேன்.

இரண்டு பிள்ளைகள். மகன் தங்கவேலு ரயில்வேயில் இருக்கிறான். சிநேகிதர்களோடு சிங்களம், ஆபீசில் இங்கிலீஷ், அம்மாவிடம் சோறு கேட்க மட்டும் தமிழ். மகளைப் பதுளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பேச்சை எடுத்தால் இரண்டு பேரும் 'உங்க ஊரு' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 'உங்க ஊருல கரண்டு வந்துட்டுதாப்பா?' என்பான் மகன். எனக்குச் சுருக்கென்றிருக்கும். அவர்களைச் சொல்லி என்ன செய்ய, ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்து வெகுகாலம் ஆயிற்று. நானும் பாவாயியும் போய்விடலாம் என்றுதான் இருந்தோம். சின்ன எழுத்துப் படிக்கவே எனக்குக் கண் பிடிப்பதில்லை, இனிமேல் துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்துக் கொடுக்கிற வேலை எத்தனை நாளைக்கு ஓடும்? ஊரில் அப்பன் கட்டின வீடு இருக்கிறது, தம்பி இருக்கிறான். 'கடைசிக் காலத்துல நம்ம மண்ணுலயே கெடப்பமுங்க' என்று பாவாயி சொல்லாத நாள் கிடையாது. நான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

3

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தி ஒரு நாள் தம்பி செங்கோடனிடமிருந்து கடிதம் வந்தது. நான் கப்பலேறியபோது அவன் மீசை முளைக்காத பயல். கடிதம் போட்டபோது காடு கரையெல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சோளம் பால் பிடிக்கிற சமயத்தில் புள்ளிமான் கூட்டமாக இறங்கித் தின்கிறதாம். கடமான் வந்தால் தின்பது கொஞ்சம், மிதிப்பது நிறைய. ஊரே சேர்ந்து மனுப்போட்டதில், அவன் பெயரில் ஒரு துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்கிறோம் என்று சர்க்காரில் சொல்லியிருக்கிறார்கள்.

'ஒண்ணுதானுங்ணா தருவாங்களாம். அதுலயும் என்ன நம்பருன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கோணுமாம். மானுக்கும் ஆவோணும், கடமானுக்கும் ஆவோணும். நீங்கதான் அதுலயே பொழங்கறீங்க. நீங்க சொல்ற நம்பரையே எழுதிப் போடறோமுங்ணா' என்று அவன் சொல்லச் சொல்ல, யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே கூடி என்னைக் கேட்கிறது! கடிதத்தை முதலாளியிடம்கூடக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் தலையை ஆட்டினார்.

நம்பர் என்பது குழாயின் துவாரம். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்கிற கணக்கு. துரை ஒருவர் கேட்டால் பட்டென்று ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன். துரைக்குக் கொம்பு வேண்டும், சுவரில் மாட்டப் போகிறார். என் ஊருக்கு வேண்டியது கறி. அங்கேதான் சிக்கல். முதலில் முந்நூற்றெழுபத்தைந்து என்று எழுதினேன். கடமான் நின்ற இடத்தில் விழும். செங்கோடன் திருப்பிக் கேட்டான்: 'அத்தாப் பெரிய குண்டுல மான் செதறிப் போனா ஊருக்கு எதைங்ணா பிரிச்சுக் குடுக்கறது?' நியாயந்தானே. சரி, இருநூற்றைம்பத்தாறு. மெல்லிய குண்டு, மான் கறி கெடாது. ஆனால் கடமான் முரட்டு உடம்புக்காரன். குறி ஒரு சாண் தப்பினால் குண்டை வாங்கிக்கொண்டு நடந்தே மலையேறிவிடும், எங்காவது பள்ளத்தில் கிடந்து செத்து நரிக்கு ஆகும். அதற்குப் பேசாமல் சோளத்தையே தின்ன விட்டிருக்கலாம்.

ஒரே துப்பாக்கியில் மானுக்கு லேசான குண்டு, கடமானுக்குக் கனத்த குண்டு என்று மாற்றிப் போடலாமே என்றும் யோசித்தேன். கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தேன். கனத்தது கீழே போய்ப் படுகிறது, லேசானது மேலே படுகிறது. அவசரத்தில் எதைப் போட்டோம் என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும்? அந்த மழைக்காலம் முழுவதும் சோற்றில் கை வைத்தபடி இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். பாவாயி பார்த்துப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இத்தன ரோசன பண்ணுலீங்களே!' என்றாள்.

கடைசியில் இருநூற்றெழுபத்தைந்தில் வந்து நின்றேன். அதில் கனத்த குண்டு மட்டும், வேறெதுவும் கூடாது. நிதானமாகப் போகிற நீளக் குண்டு அது. மானில் பட்டால் கறியைச் சிதைக்காமல் ஊடுருவிப் போகும், கடமானில் பட்டால் எலும்பைத் தாண்டி உள்ளே போகும். இரண்டுக்கும் ஒரே குறி. 'இதையே எழுதிப் போடுடா சாமி' என்று எழுதினேன். வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு தீர்மானமாகச் சொன்னது கிடையாது.

4

துப்பாக்கிக் கட்டை சுடுகிறவன் கைக்குப் பொருந்த வேண்டும். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் நூல் பிடித்து அனுப்பச் சொன்னேன். செங்கோடன் ராட்டை நூலில் முடிச்சுப் போட்டு, கிடைத்த லைசென்சோடு கடிதத்துக்குள் வைத்து அனுப்பினான். அந்த நூலை என் கையில் வைத்துப் பார்த்தேன். என் கையைவிட நீளம். அந்தப் பயல் எப்போது இவ்வளவு வளர்ந்தான் என்று தோன்றியது. அளவு பிசகாமல் கட்டையை நானே செதுக்கி, எண்ணெய் ஊறவைத்துத் தேய்த்து, கடையில் வாங்கின இருநூற்றெழுபத்தைந்தில் பொருத்தி, கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு லீவு போட்டுக் கிளம்பினேன். ஊரை விட்ட பிறகு முதல் பயணம் அது. தம்பி தோளில் நானே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினேன். சுங்க அதிகாரி லைசென்சைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். 'இதுல இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு இருக்கு. குழாயில ஏழுன்னு அடிச்சிருக்கே? இது வேற துப்பாக்கி' என்றார்.

'ஐயா, அது அங்குலக் கணக்கு, இது மில்லிமீட்டர் கணக்குங்க. ரெண்டும் ஒரே துவாரந்தானுங்க.'

'அதை நீர் சொல்லப்படாது. சேலம் கலெக்டர் ஆபீசிலேருந்து எழுதி வரணும்.'

சேலத்துக்குத் தந்தி கொடுத்தேன். மணலில், காற்றில், சுங்கச் சாவடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ரயில் வரும், சனங்களை ஏற்றிக்கொண்டு போகும். ஏறினால் மறுநாள் ஊர். ஆனால் துப்பாக்கியை விட்டுவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று இருந்ததில் லீவு தீர்ந்தது. சேலத்திலிருந்து ஒரு வரி வரவில்லை. துப்பாக்கியைச் சாவடியில் ஒப்படைத்துவிட்டு, வந்த கப்பலிலேயே திரும்பினேன். கப்பலில் ஏறிய பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது?

சில மாதம் கழித்துச் செங்கோடன் உரிய காகிதத்தோடு தனுஷ்கோடி போய் வாங்கிக்கொண்டு வந்தானாம். ஊர் எல்லையிலேயே மேளம் வைத்து, துப்பாக்கிக்கு மாலை போட்டு அழைத்துப் போனார்களாம். படித்துவிட்டு நானும் பாவாயியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சண்டை வந்தது. கப்பல் போக்குவரத்து மோசமாயிற்று, கடிதமும் எப்போதாவதுதான்.

5

சண்டை ஓய்ந்த பிறகு வந்த தைக்குக் கிளம்பினேன். 'நீங்க மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க. நமக்கு எடமிருக்குதான்னு பாத்து, தம்பிகிட்டப் பேசிட்டு வாங்க. அப்புறம் ரெண்டு பேருமா மூட்ட முடிச்சக் கட்டலாம்' என்றாள் பாவாயி. அதற்காகத்தான் போனேன்.

கரூர் வந்து, காவிரி தாண்டி, பரமத்தி வேலூரில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது. மலை தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், 'கொல்லிமலைங்க' என்றேன். 'அதுக்கென்னங்க?' என்றார் அவர்.

செங்கோடன் ஊர் முனையிலேயே நின்றிருந்தான். காலில் விழுந்தான். 'வாங்கண்ணா, வாங்கண்ணா' என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகும். கட்டிலுக்குப் புதுப் போர்வை, குளிக்க வெந்நீர். எனக்கு மட்டும் தலைவாழை இலை போட்டு, தம்பி பெண்சாதி சுவரோரம் நின்று பரிமாறினாள். 'நீயும் உக்காருடா' என்றால் செங்கோடன், 'நீங்க சாப்புடுங்ணா, நாங்க அப்பறஞ் சாப்பிட்டுக்கறோம்' என்றான். கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனால் வாளியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நானும் பாவாயியும் கல்யாணமாகிக் குடியிருந்த அறையில் கடலைக்காய் மூட்டை அடுக்கியிருந்தது. மூட்டைக்கு மேலே, சுவரில் இரண்டு முளை அடித்து, துப்பாக்கி. குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கட்டை கை பட்டுப் பட்டு மினுமினுவென்றிருந்தது.

என் பேச்சையும் ரசித்தார்கள். வாய் தவறி டீயைத் தேத்தண்ணி என்றேன், வீட்டில் இருந்த பொடிசுகளெல்லாம் சிரித்தன. கடமானை மரை என்றேன். 'அதென்னங்க மரை? சிலோன்காரரு பேசறதே ஒரு மாதிரி நல்லா இருக்குது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சிலோன்காரர். என் பெயர் யாருக்கும் வாயில் வரவில்லை. அதற்கெல்லாம் நான் மனசை விடவில்லை. இரண்டு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், பொங்கல் கழியட்டும், தம்பியிடம் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

6

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊர் ஆண்கள் எல்லோரும் அடிவாரத்துக்கு வேட்டைக்குப் போவார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடியெடுத்தேன். பாதி வழியில், 'அண்ணா, நீங்க இந்தப் புளிய மரத்தடியில உக்காருங்க. கல்லும் முள்ளும், கால் பொறுக்காது' என்று உட்காரவைத்துவிட்டார்கள். அங்கிருந்தே பார்த்தேன். நாய்கள் விரட்ட, ஓடைப் புதரிலிருந்து பெரிய கொம்புக் கடமான் ஒன்று கிளம்பியது. செங்கோடன் பதறவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்த விதத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. கட்டை அவனுக்கு அப்படிப் பொருந்தியது. ஒரே வெடி. கடமான் நாலு எட்டு வைத்து மண்டி போட்டது.

'பாத்தீங்களாண்ணா! நீங்க சொன்ன நம்பரு! மானுக்கும் இதுதான், இதுக்கும் இதுதான். ஒருக்காக்கூடக் கறி கெட்டதில்லீங்க' என்று அங்கிருந்தே கத்தினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஊர்க் களத்தில் ஆவாரந்தழையைப் பரப்பிக் கூறு போட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வேட்டைக்கறியை அடுப்புக்கு ஒரு கூறு என்று சமமாகப் பிரிப்பார்கள். ஊரில் அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. கல்யாணம் ஆன வருஷம் என் பெயருக்கும் தனிக்கூறு விழுந்தது. அன்றைக்குத்தான் நான் ஊரில் ஒரு ஆளானேன். விருந்தாளி யாராவது வந்திருந்தால் அவருக்குக் கூறு கிடையாது. கூறு போடுமுன்பே நல்ல தொடைக்கறியாக அறுத்து, இலையில் கட்டி, மரியாதையாகக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பங்கு பிரிக்கிறவர் ராக்கியண்ணன், என் வயதுதான், என்னோடு மாடு மேய்த்தவர். தொடையை அறுத்து இலையில் சுற்றி நேரே என்னிடம் வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். 'வாங்கிக்குங்க. இத்தன தொலவு வந்திருக்கறீங்க' என்றார். வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவர்.

நான் வாங்கவில்லை. 'என்ற கூறு எங்கடா?' என்றேன்.

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். செங்கோடனும் சிரித்தான். 'உங்களுக்கு எதுக்குங்ணா கூறு? மொதக் கறியே உங்களுக்குத்தானுங்களே!' என்றான். அவன் முகத்தில் கபடம் துளி இல்லை. அண்ணனுக்குப் பெருமை செய்கிறோம் என்று பூரித்துப்போய் நின்றான். இலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கறி இன்னும் சூடாக இருந்தது, வேட்டியெல்லாம் ரத்தம் ஊறியது.

ராக்கியண்ணன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக எழுந்து போய்த் தம் கூறைத் தழையோடு அள்ளிக்கொண்டார்கள். எங்கள் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செங்கோடன் போய் அள்ளினான். நாய்களுக்கு அரைக்கூறு. கடைசியாக, மற்றதற்கு அளவில் கொஞ்சமும் குறையாமல் ஒரு கூறு மிஞ்சியிருந்தது. எனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்று, நம்புங்கள், நான் எழுந்தே விட்டேன்.

'துப்பாக்கிக் கூறு!' என்றார் ராக்கியண்ணன்.

செங்கோடன் துப்பாக்கியைக் கொண்டுவந்து அந்தக் கூறுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நிறுத்திவைத்து, அப்புறம் அள்ளிக்கொண்டான். 'வந்த வருசத்துல இருந்தே அதுக்கு ஒண்ணுங்ணா. நம்மூரு ஆளு மாதிரி ஆயிப்போச்சு' என்றான்.

நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கட்டையைச் செதுக்கியவன் நான். அந்த நம்பரைச் சொன்னவன் நான். தனுஷ்கோடி மணலில் அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன் நான். அது ஊர் வந்து சேர்ந்து, இத்தனை வருஷம் காவல் காத்து, ஊர்க்காரனாகிவிட்டது. அவர்கள் செய்தது சரி என்றுதான் அப்போதும் தோன்றியது. அதனால்தான் நெஞ்சு அப்படி வலித்தது. யாராவது ஒருவர் எனக்கு அநியாயம் செய்திருந்தால் சண்டை போட்டு அந்தக் கூறை வாங்கியிருப்பேன்.

தொடைக்கறியைத் தம்பி பெண்சாதி மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். பேச வந்ததைப் பேசவில்லை. பஸ் ஏறும்போது செங்கோடன் கண் கலங்கி, 'அடுத்த தைக்கும் அண்ணியக் கூட்டிக்கிட்டு வந்துட்டுப் போங்கண்ணா' என்றான். வந்துட்டுப் போங்க என்கிறான் என் தம்பி. 'வாரேன் சாமி' என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

7

கண்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது நல்ல மழை. குடை இல்லை. வீட்டு வாசலில் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். நான் படியேறுவதற்குள்ளாகவே, 'தம்பிகிட்டப் பேசுனீங்களா? நமக்கு அங்க எடமிருக்குதுங்களா?' என்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. 'துப்பாக்கிக்கு இருக்குது' என்றேன்.

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, 'சரி, ஊட்டுக்குள்ள வாங்க. நனையறீங்க' என்றாள்.